இறுக்க இறுக்கக் கத்தும் பெல்ட்

கேள்வி: ஐயா, என்னிடம் ஒரு டொல்பின் வான் இருக்கிறது. 3எல் டீசல் எஞ்சின். காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றுவேன், சனி ஞாயிறில் ஹயர். இரண்டு மாதத்துக்கு முதல் ஃபான் பெல்ட் இரண்டில் ஒன்று பிய்ந்துபோனது. அதை மட்டும் மாற்றினேன். மற்றது பார்க்க நன்றாக இருந்ததால் விட்டுவிட்டேன். அன்றிலிருந்து காலையில் ஸ்ரார்ட் பண்ணியவுடன் கீச்சென்று கத்துகிறது. கராஜில் இறுக்கித் தந்தார்கள், நின்றது. ஒரு கிழமையில் திரும்பவும் தொடங்கியது. இப்படி மூன்று தரம் இறுக்கியாயிற்று. இப்போது கீச்சுச் சத்தம் குறைவு, ஆனால் முன்பக்கத்தில் ஏதோ உறுமுகிறது. பெல்ட் அரை அங்குலம் அமுங்க வேண்டும் என்கிறார் ஒருவர். அமுங்கவே கூடாது என்கிறார் மற்றவர். இன்னொருவர் முறுக்கிப் பார்க்கச் சொல்கிறார். சவர்க்காரம் பூசச் சொன்னவரும் உண்டு. சரியான இறுக்கம் எவ்வளவு? நானே அதைப் பார்த்து வைக்கலாமா? ஆவணியில் மடுவுக்கு ஒரு ஹயர் பிடித்திருக்கிறேன். மகளின் ஸ்கூட்டியிலும் பெல்ட் இருக்கிறதாமே, அதையும் இறுக்க வேண்டுமா?
(ஒரு வாசகர், சாவகச்சேரி)

பதில்:

தம்பி, இறுக்கம் எவ்வளவு என்று கேட்டிருக்கிறீர்கள். அதைச் சொல்கிறேன். ஆனால் உங்கள் வானைக் கத்த வைப்பது இறுக்கக் குறைவு இல்லை. "மற்றது பார்க்க நன்றாக இருந்ததால் விட்டுவிட்டேன்" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தில்தான் வில்லங்கம் தொடங்கியிருக்கிறது.

சோடியாக ஓடும் பெல்ட்டுகள் சுமையைப் பாதி பாதியாகப் பகிர்ந்துகொள்ள வேண்டும். பல மாதம் ஓடிய பெல்ட் கொஞ்சம் நீண்டிருக்கும், பக்கங்கள் தேய்ந்து ஒடுங்கியிருக்கும். அதனால் புல்லியின், அதாவது பெல்ட் ஓடும் சில்லின், பள்ளத்தில் ஆழமாக இறங்கி ஓடும். புதியது நீளத்தில் சரியாகவும் அகலத்தில் முழுமையாகவும் இருப்பதால் மேலே நின்று ஓடும். பற்றரியை சார்ஜ் பண்ணும் ஓல்டனேற்றரை ஒரே இடத்தில் வைத்துத்தானே இரண்டையும் இழுக்கிறோம்? அப்போது புதியது விறைத்து நிற்கும், பழையது தொய்ந்து கிடக்கும். அது மட்டுமல்ல, ஒன்று உயரத்திலும் மற்றது ஆழத்திலும் ஓடுவதால் இரண்டுக்கும் சுற்றளவுக் கணக்கே வேறு. ஒன்று எப்போதும் கொஞ்சம் வழுக்கித்தான் ஆக வேண்டும். அந்த வழுக்கல்தான் கீச்சென்று கத்துகிறது.

கராஜில் என்ன செய்திருப்பார்கள் என்று ஊகிக்கலாம். கத்துவது நிற்கும்வரை இழுத்திருப்பார்கள். தொய்ந்த பழைய பெல்ட் கத்தாமல் இருக்கும் அளவுக்கு இழுத்தால், புதியது அளவுக்கு மிஞ்சி இறுகிவிடும். அந்தப் புதுப் பெல்ட்டும் ஒரு கிழமையில் சற்று நீளும், சத்தம் திரும்பும், திரும்ப இழுப்பார்கள். மூன்று தரம் இப்படி இழுத்ததற்குப் பிறகு முன்பக்கம் உறுமுகிறது என்றால், சுமையைத் தாங்கிக்கொண்டிருந்த பெயரிங் ஒன்று வாயைத் திறந்துவிட்டது என்று அர்த்தம். ஒரு தரம் இறுக்கியும் அடங்காத பெல்ட்டை இரண்டாம் தரம் இறுக்குவதற்கு முன் காரணத்தைத் தேட வேண்டும் என்பதுதான் என் கட்சி. இறுக்கினால் சத்தம் மறையும், கோளாறு மறையாது.

முதலில் இதை உங்கள் கையாலேயே சோதித்துப் பாருங்கள். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும், திறப்பு உங்கள் சட்டைப்பையில் இருக்க வேண்டும். டொல்பினில் எஞ்சின் முன் சீற்றுக்குக் கீழே கிடப்பதால் சீற்றைத் தூக்கி, ரோச் லைற் ஒன்றைப் பிடித்துக்கொண்டு பாருங்கள். இடம் நெருக்கம், கை கீறும், பொறுமையாகச் செய்யுங்கள். பெல்ட் இரண்டையும் தனித்தனியாகப் பெருவிரலால் அமத்திப் பாருங்கள். ஒன்று கல்லுப் போல நின்று மற்றது தாராளமாக இறங்கினால் நான் சொன்னது சரி. இரண்டும் ஒரே அளவில் இறங்கினால் நான் மேலே சொன்னதை விட்டுவிட்டு, கீழே சொல்வதை வாசியுங்கள்.

உங்கள் வானில் ஓடுவது வீ பெல்ட் என்ற வகை, அது எப்படி வேலை செய்கிறது என்பது தெரிந்தால் மீதிக் குழப்பம் பாதி குறையும். அதன் அடிப்பக்கம் புல்லியைத் தொடவே கூடாது. விறகு பிளக்கிற ஆப்பு மரத்துக்குள் இறங்கி இரண்டு பக்கத்தாலும் நெருக்குகிறதே, அதுபோல் பெல்ட்டின் இரண்டு பக்கச் சுவர்களும் பள்ளத்தின் சுவர்களை நெருக்கித்தான் பிடிக்கின்றன. ஆகவே தேய்மானத்தைப் பார்க்க வேண்டிய இடம் பக்கங்கள். அவை மங்கலாக இருந்தால் நல்லது. கண்ணாடி மாதிரிப் பளபளத்தால் அந்தப் பெல்ட் நெடுநாளாக வழுக்கிச் சுட்டிருக்கிறது, அதை எவ்வளவு இழுத்தாலும் பிடிக்காது. பெல்ட்டின் மேற்பக்கம் புல்லியின் விளிம்புக்குக் கீழே இறங்கி ஓடினால் பெல்ட் தேய்ந்துவிட்டது அல்லது பள்ளம் தேய்ந்துவிட்டது. பெல்ட்டைக் கழற்றியபின் பள்ளத்தின் அடியைப் பாருங்கள். அங்கே ஒரு பளிச்சென்ற வளையம் தெரிந்தால் பெல்ட் அடியில் முட்டி ஓடியிருக்கிறது. அப்படியான புல்லிக்குப் புதுப் பெல்ட் போட்டும் பிரயோசனம் இல்லை, புல்லியையே மாற்ற வேண்டும்.

காலையில் மட்டும் ஏன் கத்துகிறது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். டீசல் எஞ்சினை ஸ்ரார்ட் பண்ணும்போது ஹீற்றர் பிளக்கும் ஸ்ராட்டர் மோட்டாரும் பற்றரியை வடிவாக உறிஞ்சிவிடும். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் ஓல்டனேற்றர் அந்தக் கடனை அடைக்கப் பார்க்கும். அதோடு ஏசியும் முன் லைற்றும் போட்டால் இன்னும் கூடும். 14 வோல்ற்றில் 60 அம்பியர் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், அது 840 வாற். ஓல்டனேற்றரின் உள்நட்டத்தையும் சேர்த்தால் பெல்ட் ஏறத்தாழ இரண்டு குதிரைவலுவை இழுக்கிறது. தொய்ந்த பெல்ட்டுக்கு அது தாங்காது. பற்றரி நிரம்பி மின்னோட்டம் குறைந்ததும் சத்தமும் தானாக நின்றுவிடும். ஓடினால் சரியாகிவிடுகிறது என்று பலர் விட்டுவிடுவது இதனால்தான்.

பற்றரியின் இரண்டு முனையிலும் மல்ரிமீற்றர் ஒன்றைப் பிடித்தால் இது இலக்கத்திலேயே தெரியும். எஞ்சின் நிற்கும்போது 12.6 வோல்ற் வரை, ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை இருக்க வேண்டும். எல்லா லைற்றையும் ஏசியையும் போட்டு எஞ்சினைக் கொஞ்சம் கூட்டிய பிறகும் 13க்குக் கீழே விழுந்தால் பெல்ட் வழுக்குகிறது அல்லது ஓல்டனேற்றரில் கோளாறு.

சத்தத்திலும் இரண்டு வகை உண்டு. நீட்டி இழுத்துக் கத்தினால் வழுக்கல். குருவி கத்துவதுபோல விட்டு விட்டுக் கீச்சுக் கீச்சென்றால் புல்லிகள் ஒரே கோட்டில் இல்லை. சந்தேகமாக இருந்தால் ஓடும் பெல்ட்டில் தூரத்தில் நின்று கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். சத்தம் கூடினால் இறுக்கக் குறைவு. கொஞ்ச நேரம் நின்று திரும்ப வந்தால் கோடு பிசகல். இதைச் செய்யும்போது சால்வை, தொங்கும் சட்டைக் கை, கைலேஞ்சி எதுவும் உடம்பில் வேண்டாம்.

சரி, இப்போது இறுக்கம். அரை அங்குலம் என்றவர் பிழையாகச் சொல்லவில்லை, அரைகுறையாகச் சொல்லியிருக்கிறார். பெல்ட்டின் எந்த இடத்தில், எவ்வளவு பலத்தில் அமத்தினால் எவ்வளவு இறங்க வேண்டும் என்று மூன்றும் சேர்ந்தால்தான் அது ஓர் அளவு. டொயோட்டா போன்ற ஜப்பான் வாகனங்களின் மனுவல்களில் பலம் 10 கிலோ என்று இருக்கும். இரண்டு புல்லிகளுக்கு நடுவில், நீளமான இடைவெளியில், அந்தப் பலத்தில் அமத்தினால் புதுப் பெல்ட் 8 முதல் 10 மில்லிமீற்றர், ஓடிய பெல்ட் 10 முதல் 12 மில்லிமீற்றர் என்ற அளவைச் சுற்றித்தான் பல வாகனங்களுக்கு வரும். உங்கள் எஞ்சினின் மனுவலில் வேறு இலக்கம் இருந்தால் அதுதான் முடிவு, என்னுடையது அல்ல. இடைவெளி குறையக் குறைய இறங்குவதும் குறையும் என்பதையும் மறக்க வேண்டாம். 25 சென்ரிமீற்றர் இடைவெளியில் 10 மில்லிமீற்றர் இறங்கும் பெல்ட், அதே இறுக்கத்தில் 15 சென்ரிமீற்றர் இடைவெளியில் 6தான் இறங்கும். அங்கேயும் 10 இறங்கினால் அது தொய்வு.

பத்துக் கிலோ எவ்வளவு என்று பெருவிரலுக்கு எப்படித் தெரியும்? தெரியாது. மெக்கானிக்கின் பெருவிரலும் பழக்கத்தில் ஊகிக்கிறதே தவிர அளக்கவில்லை. அதற்கென்று பேனை மாதிரி ஒரு சின்ன அளவுகோல் இருக்கிறது, பெல்ட்டில் வைத்து அமத்தினால் டிக் என்று ஒரு சத்தம் கேட்கும், இலக்கத்தைப் பார்த்துக்கொள்ளலாம். கிடைத்தால் வாங்குங்கள். கிடைக்காவிட்டால் மீன் விற்பவர்கள் வைத்திருக்கும் கொழுக்கித் தராசு போதும். அதன் கொழுக்கியை இடைவெளியின் நடுவில் பெல்ட்டில் மாட்டி, பெல்ட்டுக்குச் செங்குத்தாக, 10 கிலோ காட்டும் வரை இழுங்கள். நேரான ஒரு மட்டப்பலகையை அல்லது இரும்புச் சட்டத்தை இரண்டு புல்லிகளின் மேலும் வைத்து, பெல்ட் அதிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று அடிமட்டத்தால் பாருங்கள். உள்ளே அமத்துவதற்குப் பதிலாக வெளியே இழுக்கிறோம், கணக்கு ஒன்றுதான். சோடியாக இருந்தால் ஒவ்வொரு பெல்ட்டாக மாட்டி அளக்க வேண்டும். இரண்டையும் சேர்த்து இழுத்தால் இலக்கம் பொய் சொல்லும்.

முறுக்கிப் பார்க்கச் சொன்னவரைப் பற்றி. தொண்ணூறு பாகை முறுக்குவது என்பது எஞ்சினுக்குள் மூடிக்கு உள்ளே ஓடும் டைமிங் பெல்ட்டுக்குச் சிலர் பாவித்த கைக்கணக்கு. வெளியே ஓடும் வீ பெல்ட்டுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. உங்கள் எஞ்சினில் டைமிங் பெல்ட்டும் இருக்கிறது. அதை நீங்கள் தொட வேண்டாம். அதற்கு 100,000 கிலோமீற்றர் என்று கணக்கு, அந்தக் கட்டத்தில் டாஷ்போர்ட்டில் ஒரு விளக்கும் எரியும். மீற்றரை நம்ப முடியாத பழைய வானை வாங்கியிருந்தால், எப்போது மாற்றியது என்று தெரியாதவரை மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். அது வேறு கதை, வேறு கடிதத்துக்கு வைத்துக்கொள்வோம்.

அமுங்கவே கூடாது என்றவர் சொல்வதைக் கேட்டால் காசு செலவாகும். உருளும் பெயரிங்கின் ஆயுளுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. அதில் விழும் சுமை இரண்டு மடங்கானால் ஆயுள் பாதியாகாது, எட்டில் ஒன்றாகும். மூன்று தரம் இழுத்த பெல்ட் ஓல்டனேற்றரின் முன் பெயரிங்கையும் வோட்டர் பம்ப் பெயரிங்கையும் இப்படித்தான் தின்கிறது. பெல்ட் ஒன்றின் விலையையும் பம்ப் ஒன்றின் விலையையும் பார்ட்ஸ் கடையில் கேட்டுப் பாருங்கள், நான் சொல்ல வேண்டியதில்லை.

உறுமுவது எது என்று பார்க்க, பெல்ட்டுகளைக் கழற்றி ஓல்டனேற்றரையும் பம்ப்பையும் கையால் சுற்றுங்கள். சத்தமில்லாமல் வழுவழுவென்று சுற்ற வேண்டும். மணல் அரைபடுவதுபோல இருந்தால் பெயரிங் போய்விட்டது. பம்ப்பின் ஃபானைப் பிடித்து முன்னும் பின்னும், மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள், கொஞ்சமும் ஆடக்கூடாது. பம்ப்பின் கழுத்துக்கு அடியில் சின்னத் துளை ஒன்று இருக்கும். தண்ணீர்ச் சீல் கசியத் தொடங்கினால் வெளியே தெரிவதற்கென்றே வைத்த துளை அது. அதற்குக் கீழே துருக்கோடோ, கூலன்ட் நிறத்தில் காய்ந்த கறையோ இருந்தால் பம்ப் தன் முடிவைச் சொல்லிவிட்டது. சிலர் அந்தத் துளையை அடைக்கிறார்கள். அடைத்தால் தண்ணீர் பெயரிங்குக்குள் போகும், அவ்வளவுதான். இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நம்முடைய கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள் இருந்து வருவது, கேத்திலின் அடியில் படியும் வெள்ளையைப் பார்த்தாலே தெரியும். அதையே ரேடியேற்றருக்கு ஊற்றினால் அந்தப் படிவு பம்ப் சீலிலும் குழாய்களிலும் படியும். காய்ச்சி வடித்த தண்ணீரில் கூலன்ட் கலந்து ஊற்றுங்கள்.

இப்போது பெல்ட் மாற்றும் வேலை. நீங்களே செய்யலாம், கடினம் இல்லை. பழைய பெல்ட்டின் முதுகில் எழுத்து அழியாமல் இருந்தால் இலக்கத்தைக் குறித்துக்கொண்டு போங்கள். ஏவிஎக்ஸ் 13 என்று தொடங்கினால் மேல் அகலம் 13 மில்லிமீற்றர், அதற்குப் பின்னால் வருவது மில்லிமீற்றரில் நீளம். 10 அகலப் பெல்ட்டை 13 பள்ளத்தில் போட்டால் அது அடியில் போய் முட்டும், இறுக்கி இறுக்கிக் களைப்பீர்கள். இரண்டும் ஒரே கொம்பனி, ஒரே இலக்கம், முடிந்தால் ஒரே பெட்டியில் இருந்து எடுத்தவையாக இருக்கட்டும். ஒன்று மட்டும் போதும் என்று கடைக்காரர் சொன்னாலும் கேட்க வேண்டாம்.

முதலில் பற்றரியின் நெகற்றிவ் முனையைக் கழற்றுங்கள். ஓல்டனேற்றரின் பின்னால் மொத்த வயர் மாட்டியிருக்கும் நட்டில் திறப்பு எடுத்தாலும் மின்சாரம் இருக்கும். ஸ்பனர் அதிலும் எஞ்சின் அல்லது வானின் இரும்பிலும் ஒன்றாகத் தட்டுப்பட்டால் ஸ்பனரே சிவக்கும். அடுத்து ஓல்டனேற்றர் தொங்கும் நீள போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்துங்கள், பிறகு மேலே அதைப் பிடித்திருக்கும் நீள வெட்டுள்ள இரும்புக் கையில் இருக்கும் போல்ட்டைத் தளர்த்துங்கள். ஓல்டனேற்றர் எஞ்சின் பக்கம் சாய்ந்ததும் பெல்ட் தானாகக் கழன்று வரும். உங்கள் வானில் ஓல்டனேற்றரின் பின்னால் பிரேக்குக்கு உதவும் வக்கும் பம்ப் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும், அதற்கு ஓயில் குழாயும் போகும். சாய்க்கும்போது அந்தக் குழாய் இழுபடுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

புதுப் பெல்ட் புல்லியில் ஏறாவிட்டால் ஸ்குரூ டிரைவரைக் கொடுத்து நெம்பி ஏற்றுகிற வழக்கம் ஒன்று இருக்கிறது. செய்யவே வேண்டாம். பெல்ட்டின் பலம் முழுவதும் அதற்குள் இருக்கும் நூல்களில்தான். நெம்பும்போது ஓர் ஓரத்து நூல் அறுந்துவிடும், வெளியே ஒன்றும் தெரியாது, கொஞ்ச நாளில் பெல்ட் புல்லியில் புரண்டு ஓடும். ஏறாவிட்டால் ஓல்டனேற்றரை இன்னும் உள்ளே தள்ளுங்கள். அப்படியும் ஏறாவிட்டால் பெல்ட் கட்டை, கடைக்குத் திருப்பிக் கொண்டுபோங்கள்.

இழுப்பதற்குத் தனி ஸ்குரூ இருந்தால் அதைத் திருகினால் போதும். இல்லாவிட்டால் மரப்பிடி ஒன்றைக் கொடுத்து நெம்ப வேண்டும். ஓல்டனேற்றரின் முன்பக்கத்துத் தடித்த காதில் நெம்புங்கள், பின்னால் இருக்கும் மெல்லிய அலுமினியக் கூட்டில் நெம்பினால் அது வெடிக்கும். அளவு வந்ததும் மேல் போல்ட்டை முதலில் இறுக்கி, அப்புறம் கீழ் போல்ட்டை இறுக்குங்கள். இறுக்கும்போதே இழுப்பு கொஞ்சம் மாறும். ஆகவே இரண்டையும் இறுக்கிய பின் கொழுக்கித் தராசை மாட்டித் திரும்ப அளந்தால்தான் வேலை முடிந்ததாகக் கணக்கு. பலர் விட்டுவிடும் படி இதுதான்.

அதோடு முடியவில்லை. புதுப் பெல்ட் முதல் ஓட்டத்தில் பள்ளத்துக்குள் படிந்து இறங்கும். எஞ்சினை ஐந்து நிமிடம் ஓட விட்டு நிறுத்தி, திரும்ப அளங்கள். ஐந்து நிமிடம் ஓடிய பெல்ட்டை டொயோட்டா மனுவல் பழைய பெல்ட் என்றே கணக்கெடுக்கிறது. அதனால் அந்த இரண்டாம் அளவுக்கு 10 முதல் 12 என்ற இலக்கத்தையே பாருங்கள். பிறகு முதல் ஆயிரம் கிலோமீற்றருக்குள் ஒரு தரம், அதற்குப் பிறகு ஓயில் மாற்றும்போதெல்லாம் ஒருக்கா பார்த்தால் போதும். இரண்டு மாதத்துக்கு முதல் உங்கள் கராஜில் இந்த ஐந்து நிமிடத்துக்கு நின்றிருந்தால் அன்றைக்கே பழைய பெல்ட் தொய்ந்து கிடப்பது கண்ணில் பட்டிருக்கும்.

சவர்க்காரத்தைப் பற்றியும் கேட்டீர்கள். பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் கார் ஓட்டிக் காட்டிய ஊர் இது. இல்லாததை வைத்துச் சமாளிக்கிற கெட்டித்தனம் நமக்கு இரத்தத்தில் ஊறிவிட்டது. அந்தக் காலத்தில் அதை யாரும் குறை சொல்ல முடியாது. இப்போது பெல்ட் கடையில் தொங்குகிறது. சவர்க்காரமும் மெழுகும் பூசினால் சத்தம் நிற்பது உண்மைதான், பெல்ட் சத்தமில்லாமல் வழுக்கத் தொடங்குவதால் நிற்கிறது. பிசின் மாதிரி ஒட்டும் ஸ்பிரேக்கள் கொஞ்ச நேரம் பிடிக்க வைத்து, பிறகு செம்மண் புழுதியை எல்லாம் சேர்த்துப் பள்ளத்தை அரத்தால் அராவுவதுபோல அராவும். ஓயில் பட்ட பெல்ட்டையும் கழுவிப் போட முடியாது, இறப்பர் ஊதிவிடும். ஓயில் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடித்து அடைத்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள்.

மடு ஹயரைப் பற்றி. உங்கள் வானில் பெல்ட் அறுந்தால் நடப்பது பற்றரி இறங்குவதோடு போகாது. ஃபானும் வோட்டர் பம்ப்பும் நிற்கும், எஞ்சின் கெதியாகச் சூடேறும். அதைவிட முக்கியம், நான் சொன்ன வக்கும் பம்ப்பும் நிற்கும். டீசல் எஞ்சினில் பெற்றோல் எஞ்சினைப் போலத் தானாக வக்கும் கிடைக்காது, அந்தப் பம்ப்தான் பிரேக்குக்கு உதவி கொடுக்கிறது. சேமித்து வைத்தது இரண்டு மூன்று மிதியில் முடிந்துவிடும். பிறகு பிரேக் பெடல் கல்லாகிவிடும், முழுப் பலத்தையும் கொடுத்து மிதித்தால்தான் வான் நிற்கும். ஆனையிறவு தாண்டியபின் ஏ9 எவ்வளவு நேராக, எவ்வளவு வேகமாகப் போகும் என்பது உங்களுக்குத் தெரியும். ஆட்களை நிறைய ஏற்றிக்கொண்டு போகும்போது சார்ஜ் விளக்கு திடீரென்று எரிந்தால், பற்றரிதானே என்று அடுத்த ஊர்வரை ஓட வேண்டாம். கியரைக் குறைத்து, பிரேக்கைத் திரும்பத் திரும்பத் தட்டாமல் ஒரே மிதியாக மிதித்து, ஓரமாக நிறுத்துங்கள். புதிய சோடிப் பெல்ட் ஒன்றும் 12, 14 இலக்க ஸ்பனரும் வானில் எப்போதும் கிடக்கட்டும். பழைய பெல்ட் நன்றாக இருந்தால் அதை ஸ்பெயராக வைக்கலாம்தானே என்று கேட்பீர்கள். பளபளத்தது ஸ்பெயராகாது.

புது மாதிரி வாகனம் வாங்கினால் இந்தக் கதையில் பாதி மாறும். பல பள்ளங்கள் உள்ள தட்டைப் பெல்ட் ஒன்றே எல்லாவற்றையும் இழுக்கும், அனேகமாகத் தானாக இழுத்துக்கொள்ளும் ரென்ஷனர் ஒன்று கூடவே இருக்கும். அதில் நீங்கள் இறுக்க ஒன்றும் இல்லை. எஞ்சின் ஓடும்போது ரென்ஷனரின் கை நடுங்கினால், அல்லது அதன் அடையாளக் கோடு எல்லையைத் தாண்டி நின்றால், ரென்ஷனரை மாற்ற வேண்டும். இப்போதைய பெல்ட்டுகளில் பல ஈபிடிஎம் என்ற இறப்பரால் செய்தவை. அவை பழையவை மாதிரி வெடிக்காது, ரயர் மாதிரித் தேய்ந்து பள்ளம் ஆழமாகும். வெடிப்பு இல்லை என்பதற்காக அதை நல்ல பெல்ட் என்று எடுக்க முடியாது.

மகளின் ஸ்கூட்டிக்கு நீங்கள் இறுக்க வேண்டிய பெல்ட் எதுவும் இல்லை. பக்கத்து மூடிக்குள் ஓடும் பெல்ட்டின் இழுப்பைப் பின் புல்லியில் இருக்கும் ஸ்பிரிங் தானே பார்த்துக்கொள்ளும். பெல்ட் தேய்ந்தால் ஒடுங்கும். எடுக்கும்போது நடுக்கம், மேலே போகாத வேகம், எஞ்சின் கத்தியும் ஓட்டம் குறைவு என்று தெரிந்தால் மூடியைத் திறந்து அகலத்தை அளந்து, மனுவலில் சொன்ன எல்லைக்குக் குறைந்திருந்தால் மாற்றச் சொல்லுங்கள். அந்தப் பெட்டிக்குள் கிரீஸோ ஓயிலோ படக்கூடாது, கழுவும்போது தண்ணீரும் போகக்கூடாது.

ஆக, இந்த ஒழுங்கில் செய்யுங்கள். நாளைக்கே இரண்டு பெல்ட்டையும் கழற்றி, பெயரிங்குகளைக் கையால் சுற்றிப் பாருங்கள். பம்ப் உறுமினாலோ துளையில் கறை இருந்தாலோ முதலில் பம்ப், அதோடேயே புதுச் சோடி. பழைய பம்ப்பை வைத்துக்கொண்டு புதுப் பெல்ட் போட்டால் பம்ப் மாற்றும்போது எல்லாவற்றையும் திரும்பக் கழற்றுவீர்கள், கூலியும் இரண்டு தரம். ஓல்டனேற்றர் உறுமினால் முன் பெயரிங்கை மட்டும் மாற்றச் சொல்லுங்கள், கொயில் நன்றாக இருந்தால் முழுசாக மாற்ற வேண்டிய அவசியம் இல்லை. மாற்றியபின் பள்ளிக்கூட ஓட்டத்தில் இரண்டு கிழமை ஓடிப் பாருங்கள், அளவையும் ஒரு தரம் பாருங்கள். அந்த இரண்டு கிழமைக்குள் திரும்பக் கத்தினால் இறுக்க வேண்டாம், எழுதுங்கள். புல்லிப் பள்ளங்களை ஒரு படம் எடுத்து அதோடு அனுப்புங்கள்.